விளிம்பு வரை

எனக்குச் சும்மா உட்கார வராது. நூறு வயதுக் கார் ஒன்று ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பி பாலிக் புலாவ் மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும்போது, பக்கத்தில் கைகட்டி உட்கார்வதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ரேடியேட்டர் மூடிக்குக் கம்பி கட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

"ஆடாம உட்காரு நிரோ," என்றான் என் கணவன் கார்த்திகன்.

"நானா ஆடுறேன்? உன் காடிதான் ஆடுது."

பழைய கார் சங்கத்தின் சோதனை இது. கிளம்புமுன் குச்சி விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்து கார் ஆறியதும், அதே குறி வரை அளந்து ஊற்றுவார்கள். ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் டிசம்பர் ஊர்வலத்தில் இடமில்லை. இரண்டு முறை தோற்றாயிற்று. இரண்டு முறையும் கார்த்திகன் ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டை தேடி ஈயம் வைத்தான், விரலைச் சுட்டுக்கொண்டான். இன்றும் தோற்றால் காரை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். ஆறு வருட உழைப்பு. ஆனால் சொன்னதைச் செய்கிற பிடிவாதக்காரன்.

பாலிக் புலாவில் சோதனையாளர் பழனியப்பன் அண்ணன் முத்திரையை உடைத்து ஊற்றினார். ஒரு லிட்டர் காலியானது. மறுபடி குவளையை நிரப்பினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒண்ணரை லிட்டர் போச்சு தம்பி. திரும்பிப் போறப்ப கடைசி சான்ஸ் இருக்கு லா."

"வேணாம் அண்ணே. எங்க ஒழுகுதுன்னே தெரியல." கார்த்திகன் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். "ஓவர்ஃப்ளோ குழாய்தான் ஈரமா இருக்கு, மிஞ்சின தண்ணி அது வழியா வெளிய போயிருக்கு. சூடானா தண்ணி விரியும்னு ரெண்டு விரல் எடம் விடச் சொன்னேனே, விட்டியா?"

தண்ணீர் ஊற்றுவது எப்போதும் என் வேலை. அவன் எஞ்சின் ஆயில் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் வீட்டில் நிறைகுடம் வைக்காமல் எந்த நல்ல காரியமும் தொடங்காது. அப்படிப் பழகிய கை, கிளம்புகிற காருக்குக் குறையாக ஊற்றுமா? விட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

"இல்ல. தளும்பத் தளும்ப ஊத்துனேன். நல்ல நாளும் அதுவுமா குறையா ஊத்த மனசு வரல."

"இன்னிக்கா?"

"மூணு தடவையும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவனோ சுட்ட விரலையும் பக்கத்து விரலையும் ரேடியேட்டருக்குள் விட்டுக்கொண்டு, கீழே வடிகுழாயைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். நீர்மட்டம் விரல்களுக்குக் கீழே இறங்கியதும் "போதும்" என்றான். பழனியப்பன் அண்ணன் குறித்துக்கொண்டு மறுபடி முத்திரை வைத்தார்.

ஜார்ஜ் டவுன் வரை நானே ஆடாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடாங் கோத்தா திடலில் கார் ஆறியதும் பழனியப்பன் அண்ணன் ஊற்றினார்.

"ஒரு டீ கிளாஸ்கூட இல்ல லா! பாஸ்!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன். கார்த்திகன் தட்டவில்லை.

"நாலு மாசம், நிரோ," என்றான் மெதுவாக. "நாலு மாசமா இல்லாத ஓட்டையத் தேடிக்கிட்டு இருந்தேன்."

என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.