சுறாப்பற்களுக்கு முன்னால்

வாகனிங்கன் என்ற ஊரில் குழந்தைகள் நடக்கக் கற்ற கையோடு சைக்கிள் ஏறிவிடுவார்கள். ஏறிய பிறகு சில ஆண்டுகள், பக்கத்தில் ஓட்டிவரும் தாய் அல்லது தந்தையின் கை ஒன்று அவர்கள் முதுகில் இருக்கும். எதிர்க்காற்று அடித்தால் அந்தக் கை தள்ளும்; அடிக்காவிட்டால் சும்மா இருக்கும். ஏழெட்டு வயதில் அது தானாகவே விலகிவிடும். என்று விலகியது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

ரூலோஃபின் கை மட்டும் விலகவில்லை. அவர் மகள் ஃபென்னாவுக்குப் பதினொரு வயது. ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளை விட்டுப் போனபோது இடது காதின் கேட்கும் திறனையும் எடுத்துக்கொண்டு போனது. அந்த ஊரில் வண்டிகள் முந்திச் செல்வது இடப்பக்கமாகத்தான். எனவே ரூலோஃப் அவளுடைய இடது காதானார். அவளுக்கு இடப்பக்கம் சைக்கிளை ஓட்டி, வலக்கையை அவள் முதுகில் வைத்துக்கொள்வார். இரண்டு விரல்கள் அழுத்தினால் வண்டி வருகிறது. உள்ளங்கை மெல்ல முன்னே தள்ளினால் வழி காலி, போகலாம். பல்கலைக்கழகத்தில் காற்றியல் கற்பித்த அவருக்கு அந்த மொழியின் சுருக்கம் பிடித்திருந்தது. ஃபென்னாவுக்கும் பிடித்திருக்கிறது என்று நம்பினார்.

வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு, வண்டியோடு கோத்து இழுக்கும் டிரெய்லர் என்று பெயர் வைத்திருந்தார்கள். “ஃபென்னா, டிரெய்லரக் கழட்டி விட்டுட்டு வா” என்று பள்ளி வாசலில் ஒருவன் கத்தியதை அவரே கேட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவன் எந்தப் பக்கம் நின்று கத்தினான் என்பதைப் பொறுத்தது அது.

வசந்தத்தில் சாலைத் தேர்வு வந்தது. அந்த வகுப்புப் பிள்ளைகள் எண் பொறித்த மேலங்கி அணிந்து, ஒருவர்பின் ஒருவராக, ஊருக்குள் ஒரு சுற்றுத் தனியே ஓட்டிவர வேண்டும். தெருமுனைகளில் பெற்றோர் நின்று மதிப்பிடுவார்கள். வீட்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் எளிமையானது: தேறினால் மறுநாள் முதல் ஃபென்னா தனியே பள்ளிக்குப் போவாள்; தேறாவிட்டால் இன்னோர் ஆண்டு டிரெய்லர். முன்மொழிந்தவர் அவர் மனைவி அலெய்த். பல்கலைக்கழகக் கண்ணாடிக்குடிலில் தக்காளிச் செடிகளை ஆராய்பவர்; முட்டுக்கழியை எப்போது எடுக்க வேண்டும் என்பதில் உறுதியான கருத்துடையவர்.

“நீ கையை எடுத்தா அவ விழமாட்டா,” என்றார் அலெய்த். “நீதான் விழுவே.”

மேற்பார்வைக்கு ஆள் கேட்டபோது, ரொட்டிக்கடை முனை தமக்கு வேண்டும் என்று ரூலோஃப் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் அவர் அஞ்சிய முனை அது. கிளைத் தெரு பெரிய சாலையைச் சந்திக்கும் அந்த இடத்தில், காத்திருந்து வழிவிடச் சொல்லும் வெள்ளை முக்கோணங்கள் தரையில் வரிசையாக இருக்கும், சுறாப்பல் என்பார்கள். இடப்பக்கம் ஆளுயர வேலி. அதற்கு அப்பால் சாலை வளைந்து மறைந்துவிடும். அங்கே காதுதான் கண்.

தேர்வை நடத்திய பெரெந்தினாவும் ஒரு தாய்தான். மேற்பார்வையாளர்களுக்கு ஆளுக்கொரு மேலங்கியும் ஒரு குவளை காப்பியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்து, டப்பாவை மூடிவிட்டு விதிகளைச் சொன்னார். “தலையாட்டக் கூடாது. கை காட்டக் கூடாது. சொந்தப் பிள்ளையப் பாத்துச் சிரிக்கவும் கூடாது. மரமா நில்லுங்க.”

ரூலோஃப் மரமாக நின்றார். அன்று ஆற்றுப் பக்கமிருந்து மேல்காற்று பலமாக வீசியது; வளைவிலிருந்து வரும் ஓசையை வரும் முன்பே அள்ளிக்கொண்டு போயிற்று. இரண்டு காதும் உள்ள பிள்ளைகளே திணறினார்கள். ஒருத்தி வேலியைத் தாண்டிப் பார்ப்பதற்காக முன்சக்கரத்தைச் சுறாப்பற்களுக்கு மேலேயே ஏற்றினாள். இன்னொருவன் நிற்கவே இல்லை. ஒன்றும் வராதது அவன் அதிர்ஷ்டம். இருவருக்கும் ரூலோஃப் மதிப்பெண்ணைக் குறைத்தார். இவர்கள் பாடு இப்படியென்றால் ஃபென்னாவின் பாடு?

முனைகளைச் சுற்றிவந்த பெரெந்தினா அவர் பக்கத்தில் வந்து நின்ற சமயத்தில் ஃபென்னா வந்தாள். கோட்டுக்குச் சற்று முன்பாகவே நின்று, ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். வலப்பக்கம் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பாமல் நேர் எதிரே ரொட்டிக்கடையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் உறைந்துபோய்விட்டாள் என்று நினைத்தார் ரூலோஃப். அவர் நின்றது அவளைவிடச் சற்று முன்னே, வலப்புறத்தில். அங்கிருந்து வளைவுவரை சாலை வெறுமையாகத் தெரிந்தது. போகலாம். அவளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அப்போது அவருடைய வலக்கை, அவரைக் கேளாமலே உயர்ந்து, உள்ளங்கையால் காற்றை முன்னே தள்ளியது.

ஃபென்னாவின் கண் ஒரு கணம் அந்தக் கையில் பட்டது. பட்டு, மீண்டும் ரொட்டிக்கடைக்கே திரும்பியது. அவள் அசையவில்லை.

வளைவிலிருந்து மின்சாரச் சரக்கு வண்டி ஒன்று வந்தது. உயரமான வெள்ளை வண்டி, ஓசையே இல்லை. சுறாப்பற்களுக்கு முன்னால், அவள் முன்சக்கரத்துக்கு எதிரே, வந்த வேகத்தில் கடந்து போயிற்று. அந்தக் கை சொன்னபடி அவள் கேட்டிருந்தால் அவளும் வண்டியும் சாலை நடுவே சந்தித்திருப்பார்கள். காற்றியல் ஆசிரியர் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கத் துணியவில்லை.

ஃபென்னா இன்னொரு முறை கடையைப் பார்த்தாள், வேலி ஓரமும் வலப்பக்கமும் பார்த்தாள், மிதித்தாள். காற்று அவளை எதிர்த்தது. அவள் உடம்பை முன்னே சாய்த்து அதைப் பிளந்துகொண்டு போனாள். தம் கை இல்லாத அந்த முதுகை ரூலோஃப் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அது இவ்வளவு நேராக இருக்கும் என்று அவர் எண்ணியதில்லை. தேவாலயத்தில் நிற்பவர்போலத் தாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருப்பதைச் சற்றுப் பின்னரே உணர்ந்தார்.

“ரூலோஃப்,” என்றார் பெரெந்தினா, “மரம் கை நீட்டுமா?”

“நீட்டாது.”

“அவ பாஸ். நீ ஃபெயில். மேலங்கியக் குடுத்துட்டுப் போ.”

மாலையில் இருவரும் வீடு திரும்பினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். ரொட்டிக்கடை முனையில் ஃபென்னா நின்றாள். காலையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவர் கேட்டார். அவள் எதிரே கை காட்டினாள். கடையின் பெரிய கண்ணாடியில், ரொட்டிகளுக்கு மேலே, வேலிக்கு அப்பால் மறைந்திருந்த சாலை முழுவதும் கிடந்தது. அதில் சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன.

“வேலிக்குப் பின்னாடி வர்றதெல்லாம் அதுல தெரியும்பா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது என்றார் அவர். இப்படி இன்னும் இடங்கள் உண்டா என்றும் கேட்டார். முடிதிருத்தகத்தின் கதவு, நின்றிருக்கும் கார்களின் பின்கண்ணாடி, மழை பெய்தால் தேங்கும் தண்ணீர், நூலகத்தின் சன்னல் வரிசை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். தாம் இருபது ஆண்டுகளாக வாழ்ந்த ஊருக்குள் இன்னோர் ஊர் ஓசையில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்ததையும், தம் மகள் அதில் எப்போதோ குடியேறிவிட்டதையும் ரூலோஃப் அப்போதுதான் அறிந்தார்.

“நீ அழுத்தறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்,” என்றாள் அவள்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

ஃபென்னா யோசித்தாள். “உனக்குப் பிடிச்சிருந்துச்சே.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்; பிறகு சாலையைக் கடந்து இடப்பக்கம் திரும்பினாள். ரூலோஃபும் கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஒரு சிறுமி விரைந்து சிறிதாகிக்கொண்டிருந்தாள். பின்னால் சைக்கிளில் ஒரு மனிதர், வலக்கையை ஒன்றுமில்லாத காற்றின்மேல் வைத்தபடி நின்றார். அவர் அந்தக் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தார். வளைவில் எதுவும் வரவில்லை என்பதைக் கண்ணாடியில் உறுதிசெய்துகொண்டு, அவள் பின்னால் போனார்.