சாமிச் சுவரும் தண்ணீர்ப் பெட்டியும்

மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் புது வீட்டு நிலத்துக்குச் சீமெந்துக் கலவை ஊற்ற வர இருந்தார்கள். ஊற்றினால் முடிந்தது கதை. பிறகு நிலத்துக்குள் இருக்கிற குழாயில் யாரும் கைவைக்க முடியாது. விடிந்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பத்துத் தடவையாவது படுக்கையறைக்குப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

என் பெயர் கஜீவன். சுவிஸில் வில் நகரத்தைச் சுற்றிப் பதினெட்டு வருடமாக இதுதான் என் தொழில்: வீடுகளின் நிலத்துக்கடியில் சுடுநீர்க் குழாய் பூட்டுவது. எல்லா அறைக் குழாய்களும் வந்து சேர ஓர் இரும்புப் பெட்டி வேண்டும். இங்கே ஃபெர்தைலர் என்பார்கள். அதை வீட்டின் நடுவில், நடைபாதைச் சுவரில் வையுங்கோ, படுக்கையறையில் மட்டும் வேண்டாம், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று எத்தனை பேருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன். என் சொந்த வீட்டில் எங்கே வைத்தேன்? எங்கள் கட்டில் வரும் சுவரில். மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறேன்.

வரைபடத்தில் சரியாக நடைபாதையில்தான் இருந்தது. ஆனால் சாமிப்படங்களைக் கிழக்குப் பார்த்து வைக்க அந்தச் சுவர் ஒன்றுதான் உண்டு. சாமிக்குக் கீழே குழாயும் திருகாணியுமாகப் பெட்டி இருந்தால் வேணுகாவுக்கு மனம் நோகும் என்று நானே நினைத்து, நானே நான்கு மீற்றர் தள்ளிவிட்டேன். கேட்டிருக்கலாம். எப்போது கேட்பது? என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. நான் வர அவள் போவாள், அவள் வர நான் போவேன். பகலில் படுத்திருப்பவளை எழுப்ப எனக்கு மனம் வராது. வாடகை வீட்டில் மேல்மாடிக்காரரின் சத்தத்தில் அவள் மூன்று மணித்தியாலம் சேர்ந்தாற்போல் கண்ணயர்ந்ததில்லை. பிரஷருக்குக் குளிசை விழுங்கவும் தொடங்கிவிட்டாள். இந்த வீட்டுக்கு அவள் ஓம் என்றதே சத்தமில்லாத ஓர் அறைக்காகத்தான்.

பின்னேரம் மூன்று மணிக்கு வந்தாள். குழாய்க்குள் இருந்த காற்று வெளியேற நான் தண்ணீரை ஓடவிட்டிருந்தேன். படுக்கையறைக்குப் போனவள் அங்கே கிடந்த பலகையைக் கட்டில் வரும் இடத்தில் இழுத்துப் போட்டு, குளிர் ஜாக்கெற்றோடு அப்படியே மல்லாந்து படுத்தாள்.

"இந்தச் சத்தம் எப்பவும் கேக்குமோ?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு இராது, ஆனால் கேட்கும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். சாமியை இழுத்தால் தணிவாள் என்று ஒரு நப்பாசை.

அவள் எழும்பவில்லை.

"சாமி நித்திரை கொள்ளுறேல்லையப்பா," என்றாள். "நான்தான் கொள்ள வேணும்."

எனக்குக் கோபம் வந்தது, அவளில் இல்லை, என்னில். ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்தினேன். பெட்டி நடுவுக்குப் போனால் மற்ற அறைக் குழாய்களை வெட்டிக் குறைத்தால் போதும். இந்த அறைக் குழாயை மட்டும் முழுதாகக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். இப்போதே சுவரை உடைக்கத் தொடங்கினால் விடிய ஏழு மணிக்கு முன் முடிக்கலாம். உடைக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு, அவளை வெளியே போகச் சொல்ல வந்தேன்.

வேணுகா பலகையில் வாய் திறந்தபடி நித்திரையாகியிருந்தாள். குறட்டை வேறு. இத்தனை வருடத்தில் அவள் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை.

மெசினை மெதுவாகக் கீழே வைத்தேன். வாசலுக்குப் போய்ச் சீமெந்துக்காரனுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரவேண்டாம் என்றேன். இனி மூன்று கிழமைக்குப் பிறகுதான் வருவேன் என்று அவன் கத்தினான். கத்தாதே, மனுசி படுத்திருக்கிறாள் என்றேன்.