சத்தம் வைக்காத கட்டை

மடிக்கணினியிலிருந்து இசைக் கீபோட்டுக்குப் போகும் வயரை மூன்றாவது தடவையாகக் கழற்றிப் பூட்டினாள் பிரசாந்தினி. கட்டிலில் கிடந்தபடி அப்பா மறுபடியும் கீபோட்டின் அதே கட்டையை அழுத்தினார். சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா. வயர் எங்கையோ லூசாக் கிடக்கு."

அவர் பொறுக்கவில்லை. அழுத்திவிட்டு அவளைப் பார்த்தார். திரும்ப அழுத்தினார், திரும்பப் பார்த்தார். பின்னேரம் மூன்று மணி. தலைக்கு மேல் ஃபான் சுற்றியும் அவருடைய நெற்றி வியர்த்துக் கிடந்தது. கழுத்தில் வைத்த துளையால் மூச்சுப் போய் வரும்போது, காலையில் இல்லாத ஒரு கரகரப்புச் சேர்ந்திருந்தது. முப்பத்தொரு வயதாகியும் அவள் ஓர் உயிர் போவதைப் பார்த்ததில்லை. இன்றைக்கா, இப்பவா, அம்மா குசினியில் அடுப்போடு நிற்கும்போதா என்று நினைக்கவே எழும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

பக்கத்துக் கட்டையைத் தானே தட்டிப் பார்த்தாள். "தேத்தண்ணி" என்றது அப்பாவின் குரல். எட்டு மாதத்துக்கு முந்திப் பதிந்த கணீர்க் குரல். அடுத்ததைத் தட்டினாள். "ஃபானைக் குறை." எல்லாம் வேலை செய்தன. அவர் அழுத்துகிற கட்டை மட்டும்தான் ஊமை.

திரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வயரில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கட்டையில் அவள் எந்தச் சொல்லையும் வைக்கவே இல்லை.

அப்பா இரத்தினசிங்கம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் முப்பது வருடம் நின்றவர். என்ஜின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. அன்புவழிபுரத்து வீட்டுக்குள் அவர் இரகசியம் கதைத்தாலும் ஒழுங்கை முடக்கில் நிற்கிறவனுக்குக் கேட்கும். புற்று வர வேறு இடமே கிடைக்காததுபோல அந்தத் தொண்டையில்தான் வந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்ன அன்றே பிரசாந்தினிக்கு இந்த யோசனை வந்துவிட்டது. அவளுடைய தொழிலே அதுதான். ஒரு சத்தத்தைப் பதிவாள். முன்னும் பின்னும் நறுக்குவாள். மென்பொருளில் ஒரு கட்டையின் மேல் கொண்டுபோய் வைப்பாள். பிறகு அந்தக் கட்டையை அழுத்தினால் அந்தச் சத்தம். துறைமுகத்து இரும்புச் சங்கிலியைத் தட்டித் தட்டிப் பதிந்து ஒரு முழுத் தாளவாத்தியமே செய்து, முகம் தெரியாத இசையமைப்பாளர்களுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"சங்கிலிக்கே வாய் வச்சவளுக்கு அப்பன்ரை வாய் பெரிய வேலையே?" என்று அவரே பகிடி விட்டார்.

ஒப்பரேசனுக்கு முன்னம் இரண்டு நாள் இருந்து பதிந்தார்கள். கீபோட்டில் அறுபத்தொரு கட்டை. தண்ணி, தேத்தண்ணி, ஓம், இல்லை, வேண்டாம், அம்மாவைக் கூப்பிடும் கமலம், அவளைக் கூப்பிடும் பிள்ளை என்று ஒவ்வொன்றாக ஏறின. "நோகுது எண்டு சொல்லுங்கோ அப்பா" என்று அவள் கேட்டபோதுதான் அம்மா கமலேஸ்வரி அகப்பையோடு வந்து நின்றாள்.

"அந்தச் சொல்லெல்லாம் வேண்டாம். நோகுது, ஏலாது, பயமாக் கிடக்கு, ஒண்டும் பதியக்கூடாது. சுகப்பட்டு வரப் போற மனுசன். வாயில வாறது பலிச்சுப்போடும்."

"தேவைப்பட்டா என்னம்மா செய்யிறது?"

"தேவைப்படாது."

வீட்டை விட்டு இறங்கும்போது ஒருவரையும் 'போறன்' என்று சொல்ல விடாத மனுசி அவள். 'போட்டு வாறன்' என்று திருத்திச் சொன்னால்தான் படலையைத் திறக்க விடுவாள். அப்பா சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். பிரசாந்தினியும் விட்டுக்கொடுத்தாள். உண்மையைச் சொன்னால், அந்தச் சொற்களை அப்பாவின் வாயால் கேட்க அவளுக்கும் துணிவில்லை. நாற்பத்து மூன்று கட்டைகளில் சொல் ஏறியது. பதினெட்டு வெறுமையாகக் கிடந்தன.

ஒப்பரேசனுக்குப் பிறகு கொஞ்ச மாதம் எழுதியும் காட்டினார். நோய் நெஞ்சுக்கு இறங்க, பேனை பிடிக்க ஏலாமல் போயிற்று. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லி அனுப்பி இன்றைக்குப் பன்னிரண்டு நாள். இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரு விரல். அந்த விரல் வெறும் கட்டையில் நின்றது.

"என்னப்பா? நோகுதே?"

விரல் நகர்ந்தது. "இல்லை."

"ஆசுபத்திரிக்குப் போவமே? முன்வீட்டு ஹிஸ்புல்லா அண்ணையிட்டச் சொல்லி ஓட்டோ எடுக்கட்டே?"

"வேண்டாம். வேண்டாம்."

"அம்மாவைக் கூப்பிடட்டே?"

விரல் தயங்கியது. "இல்லை." பிறகு திரும்பவும் அந்த வெறும் கட்டைக்கே போய்விட்டது.

இன்னும் ஒரு கேள்விதான் மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கேட்கக்கூடாது, கேட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் பட்டது.

"பயமாக் கிடக்கோ அப்பா?"

"ஓம்."

பதிந்த அன்று ஏதோ பகிடிக்குச் சிரித்தபடி சொன்ன ஓம் அது. அந்தச் சிரிப்போடேயே வந்தது. பிரசாந்தினி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புயலில் கப்பலுக்குக் கயிறு எறிந்த மனுசனுக்கே பயம் என்றால் அவள் எந்த மூலைக்கு?

"விளங்குது அப்பா. எனக்கு விளங்குது."

அது அவருக்குப் போதவில்லை. வெறும் கட்டையை அழுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவள் கேட்டு அவர் ஓம் போடுவதல்ல, தானே சொல்லவேண்டும் அவருக்கு.

அவருடைய குரலில் அந்தச் சொல் எங்குமே இல்லை. ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு அறை மூலைக்குப் போனாள். குசினிக்குக் கேட்காத சத்தத்தில் சொன்னாள். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை நடுவில் காகம் கரைந்தது. மூன்றாம் தடவையும் சரிவரவில்லைதான். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அதையே நறுக்கிக் கட்டையில் வைத்தாள்.

அப்பா அழுத்தினார்.

"பயமாக் கிடக்கு" என்றது அவளுடைய குரல்.

அவர் கண்ணை மூடினார். திறந்து, இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு இன்னொரு தடவை. நெற்றியில் இருந்த சுருக்கம் மெல்ல மெல்ல இளகியது. பிரசாந்தினி இத்தனை நாள் ஒருவருக்கும் சொல்லாததை அவளுடைய குரலே சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை, என்னத்துக்குப் பயம்? நான் நிக்கிறன்தானே?" கையைச் சீலையில் துடைத்தபடி அம்மா வந்தாள். வாசலில் நின்றுவிட்டாள். மகளின் வாய் மூடியிருக்கிறது, மகளின் குரல் வருகிறது. பிறகுதான் அவருடைய விரலைக் கண்டாள்.

"இதை ஏன் வச்சனீ?"

"அப்பா கேட்டவர், அம்மா."

அம்மா கத்துவாள் என்று பிரசாந்தினி காத்திருந்தாள். அம்மா கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அவருடைய கால்களை எடுத்து மடியில் வைத்தாள்.

"பயமாக் கிடக்கு."

"நான் நிக்கிறன்" என்றாள் அம்மா.

"பயமாக் கிடக்கு."

"இஞ்சேருங்கோ, நான் நிக்கிறன்."

வெயில் சுவரிலிருந்து இறங்கும்வரை இப்படியே நடந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. விளக்கு வைக்கிற நேரம், கட்டை ஒன்றும் சொல்லாமலேயே அம்மா "நான் நிக்கிறன்" என்றாள். அப்போதுதான் கரகரப்பு நின்றுவிட்டதைப் பிரசாந்தினி கவனித்தாள். ஃபான் மட்டும் சுற்றியது.

அடுத்த நாள் காலை வீடு நிறையச் சனம். சீனன்குடாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் அப்பாவோடு வேலை செய்தவர்கள் வந்து விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். கட்டிலில் இருந்த கீபோட்டை, பூட்டிய மடிக்கணினியோடு யாரோ பின்னறை மேசையில் தூக்கி வைத்திருந்தார்கள். தேடிப்போன பிரசாந்தினி, முழுகிய ஈரத் தலையோடு அம்மா அதன்முன் நிற்பதைக் கண்டாள்.

"கமலம் எண்டு கூப்பிடுறது எது பிள்ளை?"

அவள் தொட்டுக் காட்டினாள். அம்மாவின் விரல் அந்தக் கட்டைக்கு வந்தது. மேலே நின்றது. அழுத்தவில்லை. அதைத் தாண்டி, நாற்பத்து மூன்றையும் தாண்டுவதுபோல மெல்ல நகர்ந்துபோய், நேற்றுப் பின்னேரம் வைத்ததில் நின்று அழுத்தியது.

"பயமாக் கிடக்கு."

விறாந்தையில் கதை சட்டென்று நின்றது. பிரசாந்தினி கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.