பாட்டுக்குச்சி

குச்சியைத் தொண்டையில் வைப்பதா, நெஞ்சில் வைப்பதா என்று ஞானரத்தினத்துக்குப் பிடிபடவில்லை. தொண்டையில் வைத்தால் அப்பாவுக்கு இருமல் கிளம்பியது. கடைசியில் காறை எலும்பின் மேல் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஏசம்மாள் மறுமுனையைப் பல்லில் கடித்தபடி கட்டிலோரம் குனிந்திருந்தாள்.

"பேசுங்கப்பா. அம்மாவுக்குக் கேக்கும்."

ராபர்ட் வெகுநேரம் மூச்சைச் சேர்த்தார். "தண்ணி" என்று முனகினார்.

ஏசம்மாள் குச்சியை வைத்துவிட்டுச் சொம்பை எடுத்தாள். இரண்டு காதும் கேளாதவளுக்கு அது கேட்டிருந்தது.

காலையிலிருந்து அவர் ஒரே பிடிவாதமாக இருந்தார். "உங்கம்மாட்ட ஒண்ணு சொல்லணும்." பேசத் தெரிந்த நாள்முதல் அம்மாவுக்குக் காது ஞானரத்தினம்தான். அவள் உதட்டை நிதானமாக அசைத்துக் காட்டினால் ஊர் வம்பு அத்தனையும் அம்மாவுக்குப் புரிந்துவிடும். அப்பாவின் வாய் மட்டும் அம்மாவுக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. மீசை மறைத்துவிடும்.

"என்ட்ட சொல்லுங்க, நான் வாயசைச்சுச் சொல்லுதேன்."

"நீ சொல்லக் கூடாது. அவ காதுலயே விழணும்."

செவிடி காதில் விழ வேண்டுமாம். பஞ்சுத்தூசி அரித்த நெஞ்சு பொழுது சாயும்வரை தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். பரணிலிருந்த பாட்டுக்குச்சி ஞாபகம் வந்தது அப்போதுதான்.

ராஜபாளையத்தில் அந்தக் குச்சியை அறியாதவர்கள் கிடையாது. பஞ்சு அரைக்கும் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த ராபர்ட் ஒரு பழைய கிராமபோனைக் கொண்டுவந்தபோது, ஊசியைப் பிடித்துப் பாட்டாக்கும் சவுண்டு பாக்ஸ் அதில் இல்லை. யுத்த காலம். ஊசிக்கே பஞ்சமாக இருந்தபோது சவுண்டு பாக்ஸுக்கு எங்கே போவது? சிகரெட் டப்பா மூடியைக் குடைந்து, காக்காப்பொன் தகட்டை உள்ளே பொருத்தி, சுற்றிலும் தேன்மெழுகு அடைத்து, ஊசிக்குப் பதில் கருவேல முள்ளைச் செருகி அவரே ஒன்று செய்தார். பாட்டு வந்தது, ஜலதோஷம் பிடித்த குரலில். தெருவே கூடிக் கேட்டது, அவர் பெண்டாட்டியைத் தவிர.

ஒருநாள் வேறொரு முள்ளைச் சீவி மூங்கில் சிம்பில் செருகினார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் சிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். சிம்பின் முள், சுற்றிக்கொண்டிருந்த இசைத்தட்டில் பட்டது. பாட்டு மண்டைக்குள் பாடியது. அப்படியே எடுத்து ஏசம்மாள் வாயில் கொடுத்தார். கடித்தவள் தட்டு சுற்றி நிற்கும்வரை அசையவில்லை. பிறகு அழுதாள்.

"ஊரெல்லாம் வேப்பங்குச்சியில பல்லு வெளக்குது, ஏசம்மா பாட்டுல வெளக்குதாளே" என்று பக்கத்து வீட்டுக் குருவம்மாள் கேலி செய்தாள். எல்லாம் பொறாமைதான். காய்ச்சலில் காது போன பெண்டாட்டிக்கு இப்படிச் செய்ய எந்த ஆம்பளைக்குத் தோன்றும்? மம்சாபுரம் வரைக்கும் ராபர்ட்டின் பெயர் போயிற்று. ஞானரத்தினத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தபோது மாமியார்கூட 'பாட்டுக்குச்சி பிட்டர் மக' என்றுதான் மருமகளைப் பெருமையாகச் சொன்னாள். காய்ச்சல் என்று முதலில் சொன்னது யாரென்று தெரியாது. ஏசம்மாள் அதை மறுத்ததும் இல்லை.

தண்ணீர் உள்ளே இறங்கியதும் ஏசம்மாள் மறுபடி குச்சியைக் கடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, தப்பு நடந்து போச்சு" என்றார் ராபர்ட்.

"கேக்கல" என்றாள் பல்லைத் திறக்காமலே.

ஞானரத்தினம் குச்சியைச் சற்றே நகர்த்தி வைத்தாள். ராபர்ட்டின் விலா ஏறி இறங்கியது. "உன் காது… அடி பட்டுப் போயிருச்சு."

"கேக்கல."

அடியா? ஞானரத்தினம் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். தண்ணி என்ற முனகல் கேட்டவளுக்கு இது கேட்காமல் போகுமா? சாகக் கிடக்கிற மனுஷனை இப்படியா வதைப்பது என்று அவளுக்கு அம்மாமேல் கோபம் பொங்கியது. "போதும்மா" என்று உதட்டை அசைத்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கோவத்துல… கை நீண்டுருச்சு ஏட்டி."

"கேக்கல."

கை என்ன பூசணிக்கொடியா, தானாக நீள? அப்பாவுக்கு வலிக்குமே என்று ஞானரத்தினம் இவ்வளவு நேரமும் குச்சியை இளக்கித்தான் பிடித்திருந்தாள். இப்போது அவளே அழுத்தினாள்.

ராபர்ட் கண்ணை மூடிக்கொண்டார். "நான் அடிச்சேன். ரெண்டு கையாலயும். ரெண்டு காதுலயும். கஞ்சி ஆறிப் போச்சுன்னு… நாந்தான் அடிச்சேன்."

ஏசம்மாள் குச்சியை வாயிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"கேட்டுச்சு."

குச்சியை மடியில் செருகிக்கொண்டு, பனையோலை விசிறியை எடுத்து அவருக்கு வீச ஆரம்பித்தாள்.

ராபர்ட் நிறுத்தவில்லை. மீசைக்கு அடியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞானரத்தினத்துக்கு அது தெளிவாகக் கேட்டது. அம்மாவின் முகத்துக்கு நேரே உதட்டை அசைத்திருந்தால் போதும். அவள் அசைக்கவில்லை. பெற்ற அப்பன்மேல் இவ்வளவு வெறுப்பு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதே சமயம் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சுவரோடு நின்றாள்.

மூச்சின் இழுப்பு நின்றது. அம்மா வீசிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்? ஞானரத்தினம் வந்து விசிறியைப் பிடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

சவப்பெட்டி வருவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. வீடும் வாசலும் ஜனம். சபையின் ஐயாதுரை உபதேசியார் தலைமாட்டில் நின்று செபம் பண்ணினார். பிறகு ராபர்ட்டின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, குரல் தழுதழுக்கப் பேசினார். "இந்தக் கையப் பாருங்க. காய்ச்சல் எடுத்துட்டுப் போன செவிய இந்தக் கைதான் அந்த அம்மாவுக்குத் திருப்பிக் குடுத்துச்சு. இப்படி ஒரு அன்ப நாம பாத்துருக்கமா?" பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"என்ன சொல்லுதாரு?" என்று ஏசம்மாள் மகளைக் கேட்டாள்.

ஞானரத்தினம் உதட்டை அசைத்தாள். "காய்ச்சல்ல காது போச்சுங்காரு."

"காய்ச்சல் இல்ல" என்றாள் ஏசம்மாள். வாசலில் நின்றவர்களும் திரும்பினார்கள். செவிடர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது என்பார்கள். அம்மாவுக்கு அன்று தெரிந்திருந்தது என்றே ஞானரத்தினம் நினைத்தாள். "அடி. அவியளே சொல்லிட்டாவ."

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உபதேசியார் பிடித்திருந்த கையைப் பெட்டிக்குள் மெல்ல வைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவரிடம் ஒரு கீர்த்தனை இருந்தது. அவசரமாக எடுத்துக் கொடுத்தார். ஜனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே பாடத் தொடங்கியது.

ஏசம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். இந்த முறை குரல் அடங்கியிருந்தது.

"குச்சிய எடுத்த பொறவும் மீச அசஞ்சுச்சே. என்ன சொன்னாவ?"

தண்ணி கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஞானரத்தினம் பெட்டியைப் பார்த்தாள். வெள்ளைத் துணியால் நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அம்மாவின் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

"மன்னிச்சிரு."

அம்மாவின் கண் அவள் உதட்டிலேயே நின்றது. ஞானரத்தினம் மறுபடி அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள்.

ஞானரத்தினம் பாடுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற சபைக்காரி ஒருத்தி பாட்டுப் புத்தகத்தை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஏசம்மாள் எட்டி அதைக் கீழே தாழ்த்தினாள்.