முக்காலியில் வைத்த தாம்பூலம்

நவராத்திரி மூன்றாம் நாளே நீரஜாவுக்கு அலுத்துவிட்டது. கொலு வைத்ததில் அலுப்பில்லை. வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்வதில்தான் அலுப்பு.

மந்தைவெளியில் முதல் மாடி வீடு. கிரில் கேட் எப்போதும் சாத்தியிருக்கும். கேட்டுக்கு வெளியே ஒரு முக்காலி. வெற்றிலை, பாக்கு, பழம், ரவிக்கைத் துணி, சுண்டல் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முக்காலியில் வைத்துவிட்டு, உள்ளே வந்து கேட்டைச் சாத்துவாள். அப்புறம் "எடுத்துக்கோங்கோ" என்பாள். முகக்கவசத்தைத் தாண்டி அந்தச் சொல் பாதிதான் வெளியே வரும். வந்தவர்கள் கம்பிக்கு நடுவே எட்டிப் பார்த்து, பொம்மை அழகாக இருக்கிறது என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் பையோடு போவார்கள்.

கொரோனா வந்த புதிதில் ஊரே அப்படித்தான் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஊர் மறந்துவிட்டது. மாட வீதியில் பொம்மை வாங்குகிற கூட்டம் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு நகர்கிறது. தி. நகரில் தீபாவளித் துணிக்கு இப்போதே நிற்க இடமில்லை. மருந்துக் கடையில் முகக்கவசம் கேட்டால் உள்ளே போய்த் தேடுகிறார்கள்.

"நீரஜா மாமியாத்துல மட்டும் இன்னும் லாக்டவுன்" என்று இரண்டாம் மாடி ராஜகோபாலன் படியேறும்போதெல்லாம் சொல்வார். "எடுத்தாச்சுன்னு உங்களுக்கு மட்டும் சொல்ல மறந்துட்டா போலிருக்கு."

நீரஜா சிரிக்க மாட்டாள். முகக்கவசத்தில் அது ஒரு சௌகரியம்.

அவள் கணவர் சுந்தரராமனுக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது. கொரோனாவுக்கு முந்தின வருடம் நடந்தது. வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் காலையும் மாலையும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவைத்திருக்கிறது. அடுத்தவருக்கு இரண்டு நாள் ஜலதோஷமாக வந்து போவது அவருக்கு ஆஸ்பத்திரியாக முடியலாம்.

இது யாருக்கும் தெரியாது. ஊருக்குச் சொன்னது ஹெர்னியா ஆபரேஷன். அப்போது மகள் ஹம்சினிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பாவுக்கு கிட்னி போச்சுன்னா பரம்பரை வியாதின்னு ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துடுவா" என்றார் சுந்தரராமன். நீரஜாவும் தலையாட்டினாள். ஹம்சினிக்குக் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு சொன்னால் மறைத்ததாக ஆகிவிடும் என்றார். அதனால் ஹெர்னியா ஹெர்னியாவாகவே இருந்தது.

ஒவ்வொரு செக்கப்பிலும் நீரஜா டாக்டரிடம் கேட்பாள்.

"இதையெல்லாம் எப்போ விடலாம் டாக்டர்?"

"கூட்டத்துக்குப் போக வேண்டாம். அதுக்காக வாழாம இருக்க முடியுமா?"

"ஆத்துக்கு நாலு பேர் வரலாமா?"

"அது உங்க கம்ஃபர்ட்டைப் பொறுத்தது."

ஆட்டோவில் வீடு வரும் வரை அந்தச் சொல் நீரஜாவின் காதில் குடைந்துகொண்டே இருக்கும். வரலாம் என்று சொன்னால் கேட்டைத் திறந்துவிடுவாள். கூடாது என்றால் கூடாது என்று இருப்பாள். இரண்டையும் சொல்லாமல் அனுப்புவதற்கா இத்தனை படித்தார்?

கீழ் வீட்டுச் சகினா மட்டும்தான் அவளை எதுவும் கேட்டதில்லை. சகினாவின் கணவர் ஷரஃபுதீனுக்குத் தி. நகரில் லைனிங் துணிக் கடை. சகினா வீட்டிலிருந்தபடி புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள். கொரோனாவுக்கு முன்னால் நவராத்திரியில் ஒரு சாயங்காலமாவது மேலே வருவாள். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் இரண்டு கிண்ணம் சுண்டல் தின்றுவிட்டு, பொம்மைகளை ஒவ்வொன்றாக விசாரிப்பாள். "இந்தச் செட்டியார் போன வருஷத்துக்கு இளைச்சுட்டாரு மாமி. கடையில வியாபாரம் இல்லையா?"

கேட் சாத்தியான பிறகும் வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வாள். நீரஜா உள்ளே நாற்காலி போட்டுக்கொள்வாள். கம்பிக்கு நடுவே பேச்சு நடக்கும். ஏன் என்று சகினா கேட்டதில்லை. எல்லோருக்கும் அப்படித்தானே என்று இருந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அடையாறிலிருந்து ஜெயஸ்ரீ வந்தாள். சுந்தரராமனின் அத்தை பெண். யாருக்கோ பை வைக்க நீரஜா கேட்டைத் திறந்திருந்த நேரம். ஜெயஸ்ரீ அவள் கைக்கு அடியில் புகுந்து உள்ளே வந்துவிட்டாள்.

"தள்ளு, தள்ளு. பாத்ரூம் போகணும். என்ன டிராஃபிக்டீ அம்மா."

பாத்ரூம் போகிறவளை எப்படித் தடுப்பது? போய்விட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"ஃபேனைப் போடு. சுந்தா எங்கே?"

"தூங்கறார்."

சுந்தரராமன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜெயஸ்ரீ இருமினாள். மறுபடியும் இருமினாள்.

"தூசி. ரோடெல்லாம் மெட்ரோவுக்குத் தோண்டி வெச்சிருக்கான்."

"மாஸ்க் ஒண்ணு தரட்டுமா அக்கா?"

"எனக்கெதுக்கு?"

நீரஜா ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். கதவுக்குப் பின்னால் இருக்கிற மனிதரைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை. அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"மாமி."

சகினா. நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தாள். வெளியே கிடந்த செருப்பைப் பார்த்தாள். சோபாவில் இருந்த ஜெயஸ்ரீயைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"உள்ள விட ஆரம்பிச்சுட்டீங்களா? அல்லா! செட்டியாரைக் கிட்டப் பார்த்து எவ்ளோ நாளாச்சு."

சகினாவின் கை கேட்டின் தாழ்ப்பாளில் இருந்தது.

உள்ளே ஏற்கெனவே ஒருத்தி இருமிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தியும் வந்தால் அந்த இருமல் அவளுக்கும் ஒட்டும், அவள் பேச்சும் மூச்சும் இந்த ஹாலில் சேரும். நீரஜாவுக்கு இவ்வளவுதான் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு விரைந்தாள். கேட்டைக் கொஞ்சம் திறந்து, பையை முக்காலியில் வைத்து, சாத்தினாள்.

"எடுத்துக்கோ சகினா."

சகினா பையைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். பிறகு நீரஜாவை. குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"வரேன் மாமி."

அவள் பாதிப் படி இறங்குவதற்குள் ஜெயஸ்ரீ வாயைத் திறந்தாள்.

"அதுவும் சரிதான். யாரை எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தணும். கொரோனா நல்ல சாக்கு."

ஜெயஸ்ரீயின் சாதாரணக் குரலே தெருமுனை வரை போகும்.

"சாக்கில்லை அக்கா. நிஜமாவே கொரோனாவுக்குத்தான்."

"சரி சரி. என்கிட்டயேவா?" ஜெயஸ்ரீ கண்ணைச் சிமிட்டினாள். "காபி குடு, கிளம்பறேன்."

நீரஜா காபி கலந்தாள். ஒரு பொருளைக் கையில் கொடுக்காமல் வைத்துவிட்டு, தள்ளி நின்று, எடுத்துக்கோ என்று சொல்வது யாருக்கெல்லாம் செய்யப்பட்டது என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சகினா தன்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஜெயஸ்ரீ மெச்சியதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் கிரில் கேட்டில் ஒரு பை தொங்கியது. சரஸ்வதி பூஜைக்குக் கட்டவென்று ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருந்த புடவை. மடித்து, பேப்பர் சுற்றியிருந்தது. பெல் அடித்த சத்தமே இல்லை. நீரஜா போன் செய்தாள்.

"கூப்பிட்டிருக்கக் கூடாதா சகினா?"

"இன்னாத்துக்கு மாமி? கையில வாங்க மாட்டீங்கதானே."

போனை வைத்துவிட்டாள். நீரஜா உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

"நான் சகினாகிட்ட சொல்லிடப்போறேன்."

"எதை?" சுந்தரராமன் நிமிர்ந்தார்.

"உங்க ஹெர்னியாவை."

"ஹம்சினி மாமியார் ஷரஃபுதீன் கடையிலதான் லைனிங் வாங்கறா. மறந்துடுத்தா?"

"அப்போ அவளை உள்ள கூப்பிடறேன்."

"ஜெயஸ்ரீ நாலு தடவை இருமிட்டுப் போனதுக்கே நேத்துலேர்ந்து என் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துண்டிருக்கே. நீ கூப்பிடுவியா?"

"சொல்லவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. நான் என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. தானா சரியாயிடும்."

"எது? கொரோனாவா, சகினாவா?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நீரஜாவுக்கு அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை வருடமாக இந்த வீட்டின் கதவு, ஜன்னல், காற்று எல்லாவற்றுக்கும் அவள்தான் காவல். திட்டு, கேலி, சந்தேகம் எல்லாம் அவளுக்கு. ரகசியம் மட்டும் அவருடையது.

முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

சகினா கதவைத் திறந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க மாமி."

சாதாரணமாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும், அது சாதாரணமில்லை. நீரஜா ஒரு காலை எடுத்து வைத்தாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஹாலில் பாய் போட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சகினாவின் மகன் காஷிஃப் படுத்திருந்தான்.

நீரஜா நின்றுவிட்டாள்.

"என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல். ஆபீஸ்ல எல்லாருக்கும் வந்துகினு இருக்கு."

"டெஸ்ட் எடுத்தேளா?"

"இப்ப யாரு மாமி டெஸ்ட் எடுக்கறாங்க?" சகினா அவள் காலைப் பார்த்தாள். ஒன்று வாசற்படிக்கு உள்ளே, ஒன்று வெளியே. "இன்னா மாமி, எங்க வீட்டுக்குள்ளயும் வரக் கூடாதா? அந்தம்மா சொன்னது படியெல்லாம் கேட்டுச்சு. நீங்க அப்படி இல்லைன்னு ராத்திரி முச்சூடும் எனக்கு நானே சொல்லிக்கினு கிடந்தேன்."

உள்ளே போனால் காய்ச்சலைத் தூக்கிக்கொண்டு மேலே போகவேண்டும். போகாவிட்டால் ஜெயஸ்ரீ சொன்னது மெய்யாகிவிடும். நீரஜா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சகினாவின் முகம் இறுகியது.

"அவருக்குக் கிட்னி மாத்தியிருக்கு" என்றாள் நீரஜா.

"யாருக்கு?"

"ஆத்துல அவருக்கு. எது வந்தாலும் அவர் உடம்பு தாங்காது. அதுக்குத்தான் கேட்டு, முக்காலி, எல்லாம்."

"ஹெர்னியான்னு சொன்னீங்க."

"பொய்."



"ஹெர்னியாக்காரருக்கு நான் கஞ்சி காய்ச்சிக் குடுத்தனுப்பினேன்" என்றாள் சகினா. "உப்புத் தூக்கலாப் போட்டு. அதையும் வாங்கிக்கிட்டீங்க."

"சகினா..."

"நான் இன்னா, மைக் வெச்சு ஊருக்குச் சொல்லியிருப்பேனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா படிக்குக் கீழேயே நின்னுருப்பேன். இவன் இருமிக்கிட்டே உங்க படியில ஏறி மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனான் மாமி, முந்தாநேத்து! போகாதேடான்னு சொல்லியிருப்பேன்ல?"

நீரஜா முகக்கவசத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டாள். சகினாவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். துப்பட்டாவை இழுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி. இங்க ஏன் வந்தீங்க? மேல நின்னுக்கினே கத்தியிருந்தா கேட்டிருக்காதா? போங்க. போய்க் குளிங்க முதல்ல."

அவள் இவ்வளவு கோபப்பட்டு நீரஜா பார்த்ததில்லை. படி வரை பின்வாங்கினாள்.

"நீ எப்போ வருவே?"

"இவனுக்கு நல்லாவட்டும். அப்புறம் எனக்கு வருதான்னு ஒரு வாரம் பார்க்கணும். பொம்மையெல்லாம் பெட்டியில ஏறியிருக்கும், பரவால்ல. வருவேன். உள்ள வந்து உக்காருவேன். ஜன்னலைத் திறந்து வைங்க, நானும் மாஸ்க் போட்டுக்கறேன். ஆனா இந்த ஹெர்னியாவுக்கு உங்களை உடமாட்டேன். நல்லாக் கேப்பேன்."

"கேளு" என்றாள் நீரஜா.

கதவு சாத்திக்கொண்டது.

மேலே சுந்தரராமன் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். கீழே பேசியதில் பாதி அவருக்கும் கேட்டிருந்தது.

"சொல்லிட்டே."

"சொல்லிட்டேன். ஹம்சினி மாமியார்கிட்ட நீங்க சொல்லிடுங்கோ. இன்னிக்கே."

"என்னன்னு சொல்றது?"

"பொய் சொன்னேன்னு சொல்லுங்கோ. கஷ்டமா இருக்கும். எனக்கும் இருந்தது."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். ஜெயஸ்ரீ உட்கார்ந்த இடம் என்று சொல்ல நீரஜா வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"அவ என்ன சொன்னா?"

"திட்டினா. காஷிஃபுக்குக் காய்ச்சலாம். அவன் நம்ம படியிலதான் ஏறிப் போயிருக்கான். யாருக்குத் தெரியும்."

"இனிமே வரமாட்டாளா?"

"வருவா. என்னிக்குன்னு அவளே கணக்குச் சொல்லிட்டா. அந்த டாக்டருக்குத்தான் சொல்லத் தெரியலை." கட்டியிருந்த புடவையை உடனே துவைக்கப் போட வேண்டும். எரிச்சலாக இருந்தது. "உங்களுக்கென்ன? அவ வந்தாலும் உள்ளறையில பேப்பர் படிச்சுண்டிருப்பேள்."

"ஹாலுக்கு வரேன்" என்றார் சுந்தரராமன்.

"மாஸ்க் போட்டுண்டு."

"போட்டுண்டு."

நீரஜா குளிக்கப் போனாள்.