பங்காளிக்குக் கேதம்

தொப்பியில்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. பொகவந்தலாவைக்கு மேலே, மேகம் இறங்கிவிட்டால் எதிர் லயத்து வீட்டு வரிசை கண்ணுக்குத் தெரியாத ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு நாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் ஆளுக்கொரு பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். நெற்றியில் வெள்ளை நூலால் ‘பங்காளி’ என்று தைத்திருந்தது. இனிமேல் இந்தத் தோட்டத்தில் தொழிலாளி என்று யாருமே கிடையாது, எல்லோரும் கம்பெனியின் பங்காளிகள் என்று தோட்டத்து மேனேஜர் நிரோஷன் தொரை மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவித்தார். கொழும்பில் பிறந்து கொழும்பிலேயே படித்த தமிழ்ப் பிள்ளை அவர். தமிழ் நன்றாகத்தான் பேசுவார், ஆனால் அது ஆபீசுத் தமிழ். சொந்தபந்தமே இல்லாத தமிழ்.

வேலாயி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பங்காளி என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். அப்பன் வழிச் சொந்தம். பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. வீட்டோரத்து லீக்ஸ் பாத்திக்கு மண்டை உடையச் சண்டை போடுவான், ஆனால் சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவனும் அவன்தான். பக்கத்தில் நின்ற அம்மாக்கண்ணு, “அட, பங்காளியாயிட்டா தொரைக்கு நம்ம பொண்ணக் குடுக்க ஏலாதே” என்று முணுமுணுக்க, அந்த வரிசையே குலுங்கிச் சிரித்தது. திட்டம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துத் தொரையும் சேர்ந்து சிரித்தார்.

திட்டம் என்னவென்றால், குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்து விட்டுவிடுவார்கள். கொழுந்து பறித்துக்கொண்டு வந்தால் கம்பெனி நிறுத்து வாங்கிக்கொள்ளும். நாள் சம்பளம் இல்லை, வேலைக்கு வந்ததாகப் பதிவேட்டில் பேர் போடுவதும் இல்லை. காய்ச்சல் என்றால் உன் பாடு, அடைமழை என்றாலும் உன் பாடு. சரி, செடியாவது நமக்குச் சொந்தமா என்று கேட்டால் அதுவும் கம்பெனிக்குத்தான். பங்கே இல்லாத பங்காளியை எந்த ஊரில் கண்டார்களோ, கொழும்பில் குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்து அப்படி ஒருவனைச் செய்து அனுப்பிவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? தோட்டத்தில் செத்தவர்களையெல்லாம் புதைக்கும் மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க அங்கே மர வீடுகள் கட்டினார்கள். மேட்டில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம். செத்தவனுக்கு அந்தக் காட்சி எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல. கேட்டுக்குப் பெரிய பூட்டு, சாவி ஆபீசில். அந்த வேலிக்கு உள்ளேதான் ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்ட வேலாயியின் ஒரே மகள் கிடக்கிறாள். வேலாயியின் புருஷன் மூக்கன், வேலி வரும்வரை தீபாவளிக்குத் தீபாவளி அங்கே போய்ப் பலகாரம் வைத்துவிட்டு வருவான். நான் செத்தால் புள்ளைக்குப் பக்கத்தில்தான் போட வேண்டும், இருட்டென்றால் அவளுக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

செவ்வாய்க்கிழமை பகலில் மூக்கன் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கிய செடிக்குள் குளவிக் கூடு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறியைக் கேட்டு ஓடினார்கள். அவர் இப்போது தன் சொந்தப் பொறுப்பில் வேலை செய்பவர், கம்பெனி வாகனம் கொடுக்க முடியாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பஜாரிலிருந்து கடைக்கார இம்தியாஸ் முதலாளியின் வான் வண்டி வந்து சேர்வதற்குள் மூக்கன் முகமெல்லாம் வீங்கி, மூச்சு அடங்கிப் போயிருந்தான்.

புதைக்க வேண்டுமே, கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் போய்க் கேட்டார். வெள்ளிக்கிழமை மர வீடுகளின் திறப்பு விழா, சேர்மன் வருகிறார், வெள்ளைக்கார விருந்தாளிகள் வருகிறார்கள், அங்கே போய்க் குழி தோண்டினால் எப்படி இருக்கும் என்று நிரோஷன் தொரை மிகவும் பணிவாக வருத்தப்பட்டார். டவுன் மயானத்துக்குக் கொண்டுபோங்கள் என்று வழியும் சொன்னார். தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

வேலாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூலையில் கிடந்த தொப்பி அவள் கண்ணில் பட்டது. தப்படிக்கும் கிஷாந்தைக் கூப்பிட்டாள்.

“சொந்தக்காரங்களுக்கெல்லாம் கேதம் சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு அத்த.”

“ஆபீசுக்குச் சொல்லல. பங்காளி வீட்டுக்குச் சொல்லாம பொணத்த எடுக்கலாமா? மொறையாப் போயி சொல்லிட்டு வா.”

கிஷாந்த் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், ஆபீசு வாசலில் மூன்று அடி அடித்து, பங்காளிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், மூக்கன் தவறிவிட்டார் என்றான். கேதம் சொல்ல வந்தவன் கையில் காசு கொடுத்து அனுப்பினால் முறையை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்பது நிரோஷன் தொரைக்கு எங்கே தெரியும்? நெகிழ்ந்துபோய்க் காசு கொடுத்தார். அதோடு ஒரு மலர் வளையமும் அனுப்பிவைத்தார், ‘எங்கள் பங்காளிக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று நாடா கட்டி. அதைப் படம் பிடித்து, ‘இது எங்கள் வீட்டு இழப்பு’ என்று கம்பெனியின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள். ஆபத்துக்கு லொறி தராதவர்கள் பிணத்துக்குப் பூப் போட்டதை ஊரெல்லாம் பார்த்து லைக் போட்டது.

கோயில் பூசாரி துஷாந்தும் பார்த்தான். வெள்ளிக்கிழமை காலையில் சேர்மன் மாரியம்மன் கோயிலில் பூசை செய்து, அங்கே ஏற்றிய விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு மர வீடுகளுக்குப் போவதாக ஏற்பாடு. துஷாந்த் நேரே ஆபீசுக்குப் போய், பங்காளி வீட்டுச் சாவு உங்களுக்கும் தீட்டு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கம்பெனிக்காரர் யாரும் கோயில் படி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். அது வெறும் ஒரு சொல்தானே என்று சிரித்தார் தொரை. கொழும்புக்குப் போன் போட்ட பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சேர்மன் அந்த நேரத்தைப் பெரிய சோதிடரிடம் குறித்து வாங்கியிருந்தார். தொழில் சட்டத்துக்குப் பயப்படாத கம்பெனி, கோர்ட்டுக்கும் பயப்படாத கம்பெனி, தீட்டு என்றதும் வெலவெலத்துப் போனது.

புதன்கிழமை சாயங்காலம் நிரோஷன் தொரை லயத்துக்கே வந்துவிட்டார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சொல்லை நாங்கள் அந்த அர்த்தத்தில் போடவில்லை என்று விளக்கினார். வேறு எந்த அர்த்தத்தில் போட்டீர்கள் என்று வேலாயி கேட்டாள். பிணத்தின் தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“ஒண்ணு, பங்காளியா வந்து நில்லுங்க. எம்புருசன் குழியில மண்ணு தள்ளுங்க, பதினாறு வரைக்கும் தீட்டோட இருங்க. பங்காளி மண்ணுல எனக்கும் பங்கு இருக்கு, கேட்ட தெறங்க. இல்லாட்டி, பங்காளி இல்லன்னு பெரட்டுல எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. அப்ப அவரு தோட்டத்து ஆளு. தோட்டத்து ஆளு செத்தா பொட்டியும் குழியும் தோட்டம் குடுக்கணும், அது எங்க தாத்தா காலத்து வழக்கம். எப்பிடிப் பாத்தாலும் எனக்குச் சாவி வேணும்.”

தொரை வெளியே போய் அரை மணி நேரம் போனில் பேசினார். வாயால் சொல்வதற்குக் காசா பணமா, சொல்லித் தொலை என்று கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. வியாழக்கிழமைப் பெரட்டில் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். நீங்கள் யாரும் கம்பெனியின் பங்காளிகள் அல்ல என்றார்.

“அப்ப நாங்க யாருங்க?” என்று அம்மாக்கண்ணு கேட்டாள்.

தொழிலாளர்கள் என்றார் அவர். தொழிலாளி என்றால் இன்றிலிருந்து பேர் போடுவீர்களா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நூறு போன்கள் உயர்ந்து அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆம் என்று சொல்வதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழி இருக்கவில்லை. பச்சைத் தொப்பிகள் ஒவ்வொன்றாக அவர் காலடியில் வந்து விழுந்தன.

கேட் திறந்தது. தோட்டம் கொடுத்த பெட்டியில் மூக்கனைத் தூக்கிக்கொண்டு, வார்னிஷ் மணக்கும் மர வீடுகளுக்கு நடுவே போய், மகள் பக்கத்தில் இறக்கினார்கள். புள்ள, அப்பா வந்துட்டாரு, இனிமே பயப்படாத என்று சொன்னபோதுதான் வேலாயிக்கு அழுகை வெடித்தது. அதுவரை பிடித்து வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே அழுது தீர்த்தாள்.

பங்காளி இல்லை என்றானதும் தீட்டும் விட்டுப்போக, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் சேர்மன் விளக்கேற்றினார். புது மண்மேட்டை மறைக்கப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். லயத்துக் காம்பராவுக்குள் சுருண்டு கிடந்த வேலாயியின் காதில் ஒலிபெருக்கிச் சத்தம் விழுந்தது. சேர்மன் இங்கிலீசில் பேசப் பேச நிரோஷன் தொரை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தத் தோட்டத்தில் முதலாளி, தொழிலாளி என்ற பேதமே கிடையாது என்றார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம், ஒரு தாய் பிள்ளைகள் என்றார். விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

துணைக்கு இருந்த அம்மாக்கண்ணு வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு வேலாயியைப் பார்த்தாள். வேலாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“ஒரு தாய் புள்ளைங்களாமே. அப்ப அந்தச் சேர்மன் எம்புருசனுக்குக் கூடப் பொறந்தவரு. கிஷாந்தக் கூப்புடு. நாவிதரையும் கூட்டிக்கிட்டு மேல போகச் சொல்லு, மொட்ட அடிக்கணும்.”