புகைபோக்கி வைத்த தாஜ்மகால்

"ஏனம்மணி, தாஜ்மகால்ல யாரு சோறாக்கறாங்க?"

இப்படிக் கேட்டுவிட்டு, குமாரசாமி அண்ணன் நான் கொடுத்த பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். ஊட்டியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு நினைவுப் பொருள் விற்கிற கடை அவருடையது. தாஜ்மகால், பைசாவின் சாய்ந்த கோபுரம், ரோமாபுரிப் பேராலயம் எல்லாவற்றையும் உள்ளங்கை அளவில் பிளாஸ்டரில் வார்த்துக் கொடுக்கிறவள் நான். அன்றைக்குக் கொண்டுபோன தாஜ்மகால் ஒவ்வொன்றின் முதுகிலும் சுண்டுவிரல் நுனி உயரத்துக்கு ஒரு புகைபோக்கி நின்றுகொண்டிருந்தது.

"தேய்க்க மறந்துட்டனுங்கண்ணா" என்றேன். பச்சைப் பொய். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சோலூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் ரொனால்ட் போன் செய்வார். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருப்பதற்குக் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று போன தடவை கேட்டிருந்தார். நான் பதில் சொல்ல வேண்டும்.

புகைபோக்கி அவர் வைத்ததுதான். எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு அவர் பொறுப்பாக இருந்தார். காலையில் எழுந்ததும் ஜெபம்கூடச் சொல்லாமல் ஜன்னலைத் திறந்து ஃபேக்டரிப் புகைபோக்கியைத்தான் பார்ப்பார். புகையின் நிறத்தை வைத்தே விறகில் ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். தேயிலை விலை தரைதட்டி, கொழுந்து பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று ஃபேக்டரியைப் பூட்டினார்கள். அதற்கப்புறமும் மனுஷன் ஜன்னலைத் திறப்பதை விடவில்லை. "அங்க யாரு நிக்கிறாங்க, உங்க மாமியாரா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே சாத்திவிடுவார்.

சும்மா இருக்கத் தெரியாத கை அவருக்கு. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற சொரூபங்களுக்கு உடைந்த மூக்கை ஒட்டிக் கொடுக்கக் கோயிலுக்குப் போனவர், மிச்சப் பிளாஸ்டர் மாவோடு திரும்பி வந்தார். காலண்டர் படத்தைப் பார்த்துக் களிமண்ணில் தாஜ்மகால் செய்தார். அதன்மேல் ரப்பர் பாலை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து உரித்தால் அச்சு. அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால் தாஜ்மகால். நானும் வாய் பிளந்து பார்த்துவிட்டுத்தான் அதைத் திருப்பினேன்.

"படத்துல இது இல்லீங்களே?"

"படம் முன்னாடி நின்னு எடுத்தது. பொறத்தால இருக்கும்."

"அது சமாதிங்க. செத்தவங்க குளிர் காயறாங்களா?"

"எத்தனை பெரிய கட்டடம். ஒரு அடுப்பு இல்லாமயா கட்டியிருப்பான்?" என்றார். அதுவரை மலையை விட்டே இறங்காத மனுஷன். குளிர் இல்லாத ஊர் ஒன்று இருக்கும் என்பதே அவர் மனசுக்குப் பிடிபடவில்லை. ரோமாபுரிக்கு வைத்தபோது சண்டையே போட்டேன். "புதுப் பாப்பரசர் வந்தா அங்க புகை உடறாங்களே, அது எது வழியா போகுது?" என்று திருப்பிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அச்சு ஒன்றுதான், அதை மாற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதனால் கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு புகைபோக்கியையும் அரத்தால் தேய்த்தெடுப்பது என் வேலையானது.

மலையில் பிளாஸ்டர் லேசில் காயாது. அடுப்பைச் சுற்றி வரிசையாக வைப்போம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் என்று அர்த்தம். அந்தக் கை வேலையைக் கேள்விப்பட்டுத்தான் ஷார்ஜாவில் வேலை கொடுத்தார்கள். பணக்கார வீட்டு விதானங்களில் பிளாஸ்டரில் பூவும் கொடியும் வைக்கிற வேலை. பஸ் ஏற்றும்போது, "அங்க போயும் புகைபோக்கி வெச்சுறாதீங்க" என்று கேலி பேசித்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன்.

இந்த மாதம் தேய்க்க உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அரத்தை வைப்பேன், எடுப்பேன். கடைசியில் அப்படியே பெட்டியில் அடுக்கினேன். போனில் என்ன சொல்வது என்பதில் மட்டும் குழப்பமில்லை. ஃபேக்டரி இன்னும் திறக்கவில்லை, வந்து என்ன செய்வார், கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்வது என முடிவு செய்து, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்துவிட்டேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நேராக மருதாம்பாள் அக்காவின் டெலிபோன் பூத்துக்குப் போனேன். சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது.

"பெட்டி திரும்பி வந்துருச்சுங்க" என்று ஆரம்பித்து, குமாரசாமி அண்ணன் கேட்டதைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"ஏன், அரம் மழுங்கிருச்சா?"

வழக்கம்போல் ஏதாவது குத்தலாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

"மத்ததெல்லாம் காலண்டரப் பாத்துச் செஞ்சதுங்க. அது ஒண்ணுதான் நீங்களா வெச்சது. அதையும் நானே தேச்சுப் போட்டுட்டா, ஊட்டுல உங்குளுதுன்னு என்னங்க இருக்கு?"

அவருக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, கையெழுத்துப் போடாதீங்க. ஃபேக்டரி தொறந்தாலும் சரி, தொறக்காட்டியும் சரி. வந்துருங்க. நீங்க இல்லாம என்னால முடியலீங்க."

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட இதில் இல்லை.

"வியாழக்கிழமையே போட்டுட்டேன் ஜெஸி" என்றார் ரொனால்ட். "அன்னிக்கே வேணும்னு காயிதத்த நீட்டிட்டாங்க. எப்படியும் நீ போடச் சொல்லித்தான் சொல்லுவேன்னு நெனச்சேன்."

தப்பாக நினைத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? காலை வரைக்கும் நான் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். இன்னும் இரண்டு வருஷம். பூத்தின் கண்ணாடிக்கு வெளியே மூடுபனி இறங்கி, எதிரே நின்ற ஜீப்கூடத் தெரியவில்லை.

"சரிங்க. ஒடம்பப் பாத்துக்குங்க. வெச்சுடட்டுங்களா?"

"வெக்காத. இப்பச் சொன்னியே, அத இன்னொருக்காச் சொல்லு."

"எதைங்க?"

"வந்துருங்கன்னு."

சொன்னேன்.

"இன்னொருக்கா."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். மருதாம்பாள் அக்கா கண்ணாடிக் கதவைத் தட்டினார். நான் அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்று, ரிசீவரைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, அவர் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.